எடுத்துச் சொன்னவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை. ஒரு டெலிபோன் ஆபீஸின் ஆண்டு விழா மலருக்கு, அந்தக் காலத்துப் பெண் ஆபரேட்டர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே வைத்திருந்தார்கள்: 'இனிய குரல்கள்'. வெட்கமில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் தோழியின் பெரியம்மா, அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் முதன்முதலாகப் பெண்களை வேலைக்கு எடுத்தபோது சேர்ந்தவர். தோழி கூப்பிடுவதுபோல நானும் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டேன். காய் நறுக்கிக்கொண்டே மலருக்குத் தோதான சங்கதிகளாகச் சொன்னார். லைன்களை இணைக்கும் பலகை எவ்வளவு உயரம், சூப்பர்வைசர் எவ்வளவு கறார், யார் யாருக்கு என்னென்ன பட்டப்பெயர். எனக்கு இரண்டு பக்கம் தேறிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாள் எங்கப்பாவே லைன்ல வந்தார்," என்றார் பெரியம்மா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "லைன் சரியில்ல. நான்தான் எடுத்துச் சொன்னேன்."

"அப்படியா! என்ன சொன்னார்?"

"அவர் சொன்னத நான் சொன்னேன். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' போதும். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். வயதான ஒருத்தர் தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறார், எனக்கோ நாக்கில் எச்சில் ஊறுகிறது. எழுத்தாளர்கள் என்கிற ஜாதியைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

2

தொடக்கங்கள்.

"அவள் குரலில் தேன் ஒழுகியது." (வேண்டாம். தேன் ஒழுகினால் எறும்புதான் வரும்.)

"உலகமே பெண்களின் விரல் நுனியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பொற்காலத்தில்" (மலருக்குச் சரி. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

"பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கும் வேலையில் இருந்த ஒரு பெண்" (பொய். கேட்க நேரம் ஏது? பலகையில் ஒரு விளக்கு அணைவதற்குள் நாலு விளக்கு எரியும்.)

டெலிபோன் வந்த புதிதில் பல ஊர்களில் பலகைக்கு முன்னால் பையன்களைத்தான் உட்காரவைத்தார்கள். பையன்கள் பேசுகிறவர்களோடு சண்டை போட்டார்கள், வேண்டுமென்றே மாற்றி இணைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வேலைக்கு ஆகாது என்று பெண்களைக் கூப்பிட்டார்கள். பெண்களுக்குப் பொறுமை அதிகம், அதட்டினால் எதிர்த்துப் பேசமாட்டார்கள், சம்பளமும் குறைத்துக் கொடுக்கலாம். விழா மலரில் முதல் காரணம் மட்டும் வரும்.

இப்படியே கட்டுரையாக ஓட்டிவிடலாம்தான். ஆனால் பெரியம்மாவின் அப்பா லைனில் காத்துக்கொண்டிருக்கிறார்.

3

அவளை வேலைக்கு எடுத்ததே கையை அளந்துதான். (நேரில் 'அவர்', கதையில் 'அவள்'. கதைக்குள் வந்ததும் மரியாதையைக் கழற்றிவிட வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.) சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் இரண்டு கைகளையும் விரித்தால் அந்தக் கோடுகளைத் தொட வேண்டும். பலகையில் ஓட்டைகள் அவ்வளவு தூரத்துக்குப் பரவிக் கிடந்தன. மற்றப் பெண்கள் தோளை எக்கி, மூச்சைப் பிடித்துத் தொட்டபோது இவள் கோட்டைத் தாண்டியே போய்விட்டாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் 'நீளக்கை'.*

* வழக்கில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. இவள் எதையும் திருடியதில்லை. இந்தக் கதையில் திருடியது யார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும்.

நீளமான அறை. சுவர் முழுக்கப் பலகை. அதன் முன்னால் உயரமான நாற்காலிகளில் வரிசையாகப் பெண்கள். காதிலும் வாயருகிலும் கருவி. கழுத்தில் அதன் பாரம். விளக்கு எரிந்தால் ஒயரைச் செருக வேண்டும், அணைந்தால் பிடுங்க வேண்டும். பக்கத்துப் பெண்ணோடு பேசக்கூடாது. தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். பேசுகிறவர்களிடம் சொல்வதற்கென்று சில வாக்கியங்கள் உண்டு. அவற்றைத் தாண்டி ஒரு சொல்லும் கூடாது. சூப்பர்வைசர் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். சில நேரம் யாருக்கும் தெரியாமல் யாருடைய லைனிலாவது தன் கருவியைச் செருகிக் கேட்பார்.

குரலுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவளுக்கு இரண்டாவதாக ஒரு குரல் வந்தது. வீட்டுக் குரலைவிடக் கொஞ்சம் கீழே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. அந்தக் குரலில் பேசும்போது தான் அழகாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

4

இனி நான் சொல்லப்போவதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கதை இதன்மேல்தான் நிற்கிறது.

வெளியூர் லைன்கள் பாதி நாள் சரியிருக்காது. மழை பெய்தால் சுத்தம். இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்து ஆளின் குரல் எட்டாது. ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு இருவர் பேசுவதும் கேட்கும், அவள் பேசுவதும் இருவருக்கும் கேட்கும். அப்போது அவள் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த எக்ஸ்சேஞ்சில் இதற்கு ஒரு விதி: 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. நேரம் வீணாகும், குழப்பம் வரும். அந்த ஆளே பேசுவதுபோல, அவர் சொன்ன சொற்களையே, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே நீளக்கை, கல்யாணமாகாத பெண், முகம் தெரியாத ஊர்களுக்கு, "எனக்குப் பையன் பொறந்திருக்கான்" என்று அறிவித்திருக்கிறாள். மரக்கடைக்காரராக இருந்து தேக்குக்குப் பேரம் பேசியிருக்கிறாள். பக்கத்து நாற்காலிப் பெண் ஒருநாள் இரண்டு பங்காளிகளின் சண்டையை எடுத்துச் சொன்னாள். "நீ உருப்படவே மாட்டே. நாசமாப் போயிடுவே," என்று அத்தனை கனிவாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. அன்றைக்கு முழுக்க அந்த வரிசையே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

5

அப்பா.

இவரை எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் வரைவில் மீசையும் முரட்டுக் குரலுமாக ஒருவர் வந்து நின்றார். கோடு போட்டு அடித்தேன். இரண்டாவதில் சீக்காளியாக இருமிக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் கோபப்படவும் வசதியாக இருந்தது, பரிதாபப்படவும் வசதியாக இருந்தது. இரண்டும் என் வசதிதான்.

பெரியம்மா சொன்னது இவ்வளவு. தையற்காரர். மனைவி போன பிறகு மகளைத் தனியாக வளர்த்தவர். கடையில் வாங்கும் சட்டைக் கை மகளுக்குப் போதாது, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். அதனால் அவளுடைய ஆபீஸ் சட்டைகள் எல்லாவற்றையும் அவரே தைத்தார், கையை நீளமாக வெட்டி. மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "வேலையா? வீட்லதான் இருக்கா," என்பார்.

முன்பின் தெரியாத ஆண்களோடு நாளெல்லாம் பேசுகிற பெண் என்றால் அன்றைக்குத் தெருவுக்கு ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. அவர் ஊரோடு மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை. மகளிடமும் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"அவர கெட்டவரா எழுதிடாத," என்றார் பெரியம்மா என்னிடம்.

"நீங்க சொல்றத வச்சுப் பாத்தா..."

"நான் சொல்றத வச்சு நீ ஒண்ணும் பாக்க வேணாம்."



6

மழை. பகல் நேரம். ஒரு விளக்கு எரிந்தது. ஒயரைச் செருகினாள்.

"நம்பர் சொல்லுங்க."

"அம்மா, வணக்கம்மா. வெளியூருக்குப் பேசணும்மா."

மருந்துக்கடை டெலிபோனைக் காதில் இடித்துக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரிக் கத்துகிறார். முதல் சொல்லிலேயே அது அப்பா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அவளை அவர் அம்மா என்றுதான் கூப்பிடுவார். தெருவில் போகிற எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆகவே அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.*

* இதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்கள் துப்பறிய வேண்டாம். நான் துப்பறிந்து பார்த்துவிட்டேன்.

அவர் சொன்ன நம்பர் எங்கே போகும் என்றும் அவளுக்குத் தெரியும். போன வாரம் அவளுடைய போட்டோவை வாங்கிப்போன வீடு. பையனுடைய மாமா ஒருவர் தானியக் கடை வைத்திருந்தார், டெலிபோன் அங்கே இருந்தது. இன்றைக்குப் பேசி முடிவு சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள் போல.

லைன் கிடைத்தது. "ஹலோ, ஹலோ," என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். ஒருவருக்கொருவர் கேட்கவில்லை.

இந்த இடத்தில் அவள் கையைத் தூக்கியிருக்கலாம். பக்கத்துப் பெண்ணிடம் லைனைக் கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பெரியம்மாவிடம் கேட்டேன். சட்டென்று ஏதாவது சாக்குச் சொல்வார், கதையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"என்னப் பத்தி என்ன பேசுறாங்கன்னு கேக்க ஆசையா இருந்துது," என்றார்.

அவ்வளவு நேராக ஒருவர் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது.

"நான் எடுத்துச் சொல்றேன். பேசுங்க," என்றாள் நீளக்கை இருவரிடமும், அந்த இரண்டாவது குரலில்.

மாமா பேசினார். அவள் அப்பாவிடம் சொன்னாள்: "பொண்ணு போட்டோ பாத்தோம். எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பொண்ணு என்ன பண்ணுது?"

அப்பா பேசினார். அவள் மாமாவிடம் சொன்னாள்: "வீட்லதான் இருக்கா. நல்லாத் தைப்பா." (அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது.)

அடுத்து மாமா சொன்னது கொஞ்சம் நீளம். அவள் ஒரு சொல்லும் விடாமல் அப்பாவிடம் சேர்த்தாள்: "டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு உங்க வீட்ல இருக்குதாமே? தப்பா நெனைக்காதீங்க. கண்டவன்கிட்டயெல்லாம் பேசுற வேலை. அது உங்க பொண்ணுன்னா எங்களுக்குச் சரிப்பட்டு வராது. இப்பவே சொல்லிடுங்க."

அப்பா பேசவில்லை.

மழையின் இரைச்சல் மட்டும் லைனில். இப்படி மௌனம் நீண்டால் ஆபரேட்டர் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. அவள் சொன்னாள்: "லைன் இருக்கு. பேசுங்க."

"அது என் பொண்ணு இல்லைங்க," என்றார் அப்பா. "தூரத்துச் சொந்தம். யாருமில்லாத பொண்ணு. பாவம்னு வீட்ல வச்சிருக்கேன்."

இனி அவள் மாமாவிடம் சொல்ல வேண்டும்.

7

இங்கே நான் பல நாள் நின்றேன். அதன் அடையாளங்களை அழிக்காமல் அப்படியே விடுகிறேன்.

(அ) அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அது என் பொண்ணுதாங்க," என்றாள். தெளிவாக, பெருமையாக.

இதை எழுதிவிட்டு எனக்குக் கண் கலங்கியது. ஒரு சினேகிதிக்குப் படித்துக் காட்டினேன், அவளுக்கும் கலங்கியது. மறுநாள் பார்த்தால் கலங்கியது எல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டதில்தான் என்று தெரிந்தது. அவருடைய வாயில் அவர் சொல்லாத வார்த்தையைத் திணித்துவிட்டு, அதற்கு வீரம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

(ஆ) அவள் ஒயரைப் பிடுங்கினாள். லைன் கெட்டுப்போய்விட்டது என்று

(இதுவும் இல்லை. மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவுவது நான்தான், அவள் இல்லை.)

(இ) அவள் அப்படியே சொல்கிறாள். கல்யாணம் நடக்கிறது. கல்யாணமானால் பெண்ணுக்கு வேலை போய்விடும் என்பது அன்றைய விதி. தாலியோ மோதிரமோ ஏறிய அன்றே அவள் உண்மையிலேயே 'வீட்லதான் இருக்கா'. அப்பா சொன்னது பொய்யே இல்லை, கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை.

புத்திசாலித்தனமான முடிவு. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. நடந்ததும் அதுவல்ல. அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரோ விஷயத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள், சம்பந்தம் கைகூடவில்லை. பெரியம்மா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்தப் பலகையிலேயே இருந்து ஓய்வு பெற்றார்.

8

வேறு வழியில்லாமல் மூன்று முடிவுகளையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடமே படித்துக் காட்டினேன். முதலாவதற்குச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"அப்படியே சொன்னேன்மா. 'அது என் பொண்ணு இல்லைங்க. தூரத்துச் சொந்தம். யாருமில்லாத பொண்ணு. பாவம்னு வீட்ல வச்சிருக்கேன்.'"

சொல்லும்போது குரல் கீழே இறங்கி, நிதானமாகி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. அந்த இரண்டாவது குரலை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். இனிமையான குரல்தான். விழா மலர்க்காரர்கள் சொன்னது சரி.

"குரல் நடுங்கலையா பெரியம்மா?"

"அதான்மா விஷயமே. நடுங்கல. கொஞ்சங்கூட நடுங்கல. அந்த மாமா என்ன சொன்னாருன்னு நெனைக்கிற? 'உங்க குரல் நல்லாத் தெளிவாக் கேக்குதும்மா'ன்னாரு. எனக்கு அப்ப," என்று நிறுத்தினார். "எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துது. நெசமாத்தான் சொல்றேன். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என்னப் பெத்தவர் என்னயே இல்லன்னு சொல்றார், நான் அத நல்லாச் சொன்னேன்னு ஒருத்தர் பாராட்டுறார், எனக்குக் குளுகுளுன்னு இருக்கு. இது என்ன ஜென்மம்?"

சூப்பர்வைசர் அன்றைக்கு அந்த லைனில் தன் கருவியைச் செருகியிருந்தார். வேலை முடிந்ததும் எல்லாரையும் நிற்கவைத்து, எடுத்துச் சொல்வதென்றால் நீளக்கை இன்று சொன்னதுபோல் சொல்ல வேண்டும், உணர்ச்சி கலக்காமல், சொல் தவறாமல் என்று பாராட்டினார். கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் அவள் தோளில் தட்டினாள். யாருடைய அப்பா, யாருடைய பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. நீளக்கை தலைகுனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா செய்தது வெட்கப்படவேண்டிய காரியம் என்று எழுதத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அவமானத்தை யார் தலையில் இறக்கிவைப்பது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பெரியம்மாவோ இத்தனை வருஷமாக அதைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டிருக்கிறார், அதுவும் எந்த இடத்துக்காக? நான் ஒரு வரி எழுதாமல் தாண்டிப் போயிருந்த இடத்துக்காக, அந்தப் பாராட்டில் மனம் குளிர்ந்த ஒரு நிமிடத்துக்காக.

9

முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூடினேன். பெரியம்மா விடவில்லை.

"இன்னும் இருக்கு. மாமா வச்சிட்டார். அப்பா வைக்கல. பேசி முடிச்சாச்சான்னு கேட்டேன். முடிச்சாச்சும்மான்னார். அப்புறம் மெதுவா, கத்தாம, 'குடை எடுத்துட்டுப் போனியா?'ன்னு கேட்டார்."

மூடிய பேனாவைத் திறந்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க சொல்ல விட்டுது இந்தக் கை?" வலது கையைத் தூக்கிக் காட்டினார். வயதாகியும் நீளமான கை. "முடிச்சாச்சுன்னு சொன்னா ஒயரப் பிடுங்கணும். பிடுங்கிடுச்சு. அவர் கேட்டதே ஒயர் வெளிய வரும்போதுதான் என் காதுல விழுந்துது. அவருக்கு ஒரு 'டிக்' சத்தம் கேட்டிருக்கும். அவ்வளவுதான்."

சாயங்காலம் வீட்டில் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த வருஷங்களிலும் பேசிக்கொள்ளவில்லை. அவர் மறுபடி டெலிபோனைத் தொடவே இல்லை. மகள் கோபத்தில் வெட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாரா, தெரியாது.

ஆனால் பெரியம்மாவை அரிப்பது அதுவும் இல்லை. தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"நான்தான்னு அவருக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்? 'என் பொண்ணு இல்ல'ன்னு சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா? நீ எழுதுறவதானே. நாலு எடம் போறவ, நாலு பேரப் பாக்குறவ. சொல்லு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் செருப்பு மாட்டும்போது அவர் அந்தப் பேச்சை எடுத்தது எனக்குக் கதை கொடுப்பதற்காக இல்லை. இதைக் கேட்பதற்காக. பதில் தெரிந்த ஆள் என்று என்னை நம்பியிருக்கிறார்.

முன்னாடி என்றால், மகளின் காதிலேயே அதைச் சொல்லி, மகளின் வாயாலேயே அதைச் சொல்லவைத்திருக்கிறார். பின்னாடி என்றால், அவள் எடுத்துச் சொன்னதைக் கேட்கும்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. அந்தக் கணத்தில் மருந்துக்கடையில் நின்ற மனிதருக்கு என்ன ஆகியிருக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை. முன்னாடி என்று சொன்னால் பெரியம்மா உடைந்துபோவார். பின்னாடி என்று சொன்னால் அப்பா உடைந்துபோவார், அதையும் பெரியம்மாதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ முடிவு எழுதியிருக்கிறேன். "தெரியல பெரியம்மா," என்றேன்.

அவர் காய் நறுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மலருக்கு நான் 'இனிய குரல்கள்' என்றே எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

உங்களுக்கு ஒருவேளை தெரியலாம். பெற்றவராக இருந்து யாரையாவது இல்லையென்று சொல்லியிருந்தாலும், பிள்ளையாக இருந்து அதைக் கேட்டிருந்தாலும், என்னைவிட நன்றாகவே தெரியும். முன்னாடியா, பின்னாடியா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள், அதையும் எழுதிவிடுவேன். நேராகப் பெரியம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, கிட்டப் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.